அளக்க மறுப்பதும் குற்றமே!



பெங்களூரு நகரம் கழித்துவிடுகிற சாக்கடை நீர் எங்கே போய்ச் சேருகிறது? நம்மில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க நேரமும் இல்லை. விடிந்தால் வேலை, இருட்டினால் வீடு. ஆனால் அந்தத் தண்ணீர் போகும் வழியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், அது நம் சொந்த ஊர் வாசலில் போய் நிற்கிறது.

ஒரு பங்கு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் விழுகிறது. அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மலை போல் நுரை தள்ளுகிறதே, அந்தத் தண்ணீர்தான். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று இறங்கித் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைத் தொட்டுக் கடலில் கலக்கிறது. இன்னொரு பங்கு விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், சங்கமத்தில் காவிரியோடு சேர்ந்து, ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்குப் போகிறது. மூன்றாவது பங்கை சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கி, குழாயில் மேடேற்றிக் கோலார் மாவட்டத்து ஏரிகளில் விடுகிறார்கள். கோரமங்கலா – செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், சுருக்கமாக கே.சி. வேலி திட்டம் என்று அதற்குப் பெயர். 2018 ஜூனில் தண்ணீர் விட்டார்கள். முதல் கட்டத் திட்ட அளவே நாளுக்கு 44 கோடி லிட்டர்.

நாம் யார்? கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் கார்மெண்ட்ஸ் வேலைக்கும் வந்தவர்கள். 2001-இல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்து, இரவு நின்றுகொண்டே திரும்புகிறவர்கள். உழைக்க வந்த ஊர் கழிக்கும் தண்ணீர், விட்டுவந்த ஊருக்கே போகிறது. கூலியை நாம் மாதம் ஒரு முறை ஊருக்கு அனுப்புகிறோம். நகரம் தன் கழிவை நாள்தோறும் அனுப்புகிறது.

"சுத்திகரித்துத்தானே அனுப்புகிறோம்" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் இங்கே பரிசீலிக்கப் போகிறோம்.

சான்றிதழில் என்ன இருக்கிறது?

சுத்திகரித்த நீருக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் அறிவித்த தரத்தைப் பாருங்கள். அமில காரத் தன்மை, பி.ஓ.டி. என்னும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி எண்ணிக்கை. அவ்வளவுதான். பெருநகரங்களில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றார்கள். அது போதாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் 10 மில்லிகிராம் என்று இறுக்கிப் பிடித்தது. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம்.

இந்தப் பட்டியல் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. காலராவிலும் டைபாய்டிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த வர்க்கம் நம்முடையது. மலக்கிருமியை எண்ணத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கூட்டம் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. அதற்குப் பெயர், நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையைக் குலைக்கும் இரசாயனங்கள். சுருக்கமாக ஹார்மோன் குலைப்பான்கள் என்போம்.

தைராய்டு, கணையம், சூலகம், விந்தகம் ஆகிய சுரப்பிகள் இரத்தத்தில் ஹார்மோன் என்னும் சமிக்ஞையை அனுப்புகின்றன. ரயில் பாதையில் கைகாட்டி எப்படியோ, உடம்புக்கு ஹார்மோன் அப்படி. எப்போது வளர வேண்டும், எப்போது பருவம் எய்த வேண்டும், எப்போது கருத்தரிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சமிக்ஞையின்படி நடக்கிறது. வெளியிலிருந்து வரும் சில இரசாயனங்கள் அந்தச் சமிக்ஞையைப் போலவே வேஷம் போடுகின்றன, அல்லது உண்மையான சமிக்ஞையை மறைத்துவிடுகின்றன. சிவப்பு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் யாரோ பச்சையைக் காட்டினால் என்ன ஆகும்? வண்டி ஓட்டுகிறவர் மேல் தப்பில்லை. தடம்புரளத்தான் செய்யும். இப்படிப்பட்டவை என்று தெரிந்தும் சந்தேகிக்கப்பட்டும் இருக்கிற இரசாயனங்கள் ஏறத்தாழ 800 என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

எடைமேடையில் தாலிக்குண்டு

இவற்றின் அளவு மிகச் சிறியது. நானோகிராமில் பேச வேண்டும். ஒரு லிட்டரில் ஒரு நானோகிராம் என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நாளுக்கு 44 கோடி லிட்டர் ஓடுகிற கே.சி. வேலி குழாயில் அரை கிராமுக்கும் குறைவான பொருள் கலந்தாலே அந்த அளவு வந்துவிடும்.

"இத்தனூண்டு கலந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் உடம்பில் ஓடும் ஹார்மோனே அப்படி இத்தனூண்டுதான். அந்த அளவிலேயே வேலை செய்யும்படி இயற்கை அமைத்திருக்கிறது. ஆகவே சிறிய அளவு என்பது ஆறுதல் அல்ல.

பி.ஓ.டி. சோதனை மில்லிகிராமில் பேசுகிறது. பத்து மில்லிகிராம் என்பது ஒரு கோடி நானோகிராம். கூட்ஸ் ஷெட்டில் வேகனை எடை போடும் மேடையில் ஒரு தாலிக்குண்டை வைத்துப் பாருங்கள். முள் அசையாது. முள் அசையவில்லை என்பதற்காக அங்கே தாலிக்குண்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமா? "பி.ஓ.டி. பத்து, ஆகவே தண்ணீர் சுத்தம்" என்று எழுதுவது அதே வேலைதான்.

சென்ற ஆண்டு நாலைந்து பேராக ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டு போயிருந்தோம். இந்த இரசாயனங்களை அளக்கிறீர்களா என்று கேட்டோம். "விதிப்படி எதை அளக்க வேண்டுமோ அதை அளக்கிறோம், பத்தாவது படித்த குமாஸ்தாவுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பதில் வந்தது. நல்ல கேள்வி. பதில் இதுதான்: அந்தத் தண்ணீர் பாய்கிற வயலில் விளைந்ததைத் தின்பதற்குப் பட்டப்படிப்புச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. கேள்வி கேட்பதற்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

சுத்திகரிப்பே நஞ்சை எழுப்புகிறது

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மனித உடம்பு தன் ஹார்மோனை வேலை முடிந்ததும் பூட்டுப் போட்டுச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பூட்டுப் போட்ட நிலையில் அதற்கு வீரியம் கிடையாது. சாக்கடைக் குழாயிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் இருக்கிற பாக்டீரியா அந்தப் பூட்டை உடைக்கிறது. செத்தது போலக் கிடந்த ஹார்மோன் மறுபடி உயிர் பெறுகிறது.

தொழிற்சாலை இரசாயனத்தின் கதை இதைவிட மோசம். நோனைல்பினால் எத்தாக்சிலேட் என்று ஒரு வகைச் சலவைப் பொருள். துணி ஆலைகளிலும் சலவைக் கூடங்களிலும் அழுக்கெடுக்கப் பயன்படுவது. சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியா இதை அரைகுறையாகத் தின்கிறது. மிச்சம் வைப்பது நோனைல்பினால். அது மூலப்பொருளைவிடக் கொடியது. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேஷம் போடக்கூடியது. நுரை குறைகிறது. பி.ஓ.டி. இறங்குகிறது. அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போடுகிறார். அதே நேரத்தில் தொட்டிக்குள் புதிய நஞ்சு பிறக்கிறது. பெரும்பகுதி கசடில் படிகிறது. கசடு உரமென்று வயலுக்குப் போனால், நஞ்சும் கூடவே போகும்.

இவற்றோடு பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பினால் ஏ, தாலேட்டுகள், சோப்பிலும் பற்பசையிலும் கலந்த டிரைக்ளோசான், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் எல்லாம் சேர்கின்றன. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் ஆபத்தில்லாத அளவு என்பார்கள். லண்டனில் விஞ்ஞானிகள் 2002-இல் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். தனித்தனியே விளைவு எதுவும் தெரியாத அளவில் எட்டு இரசாயனங்களை எடுத்தார்கள். எட்டையும் ஒன்றாகக் கலந்தபோது விளைவு வெளிப்பட்டது. தனித்தனியே பலமில்லாதவை ஒன்று சேர்ந்தால் பலம் வரும் என்பதை, சங்கம் கட்டிய நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மீன் சொன்ன சாட்சி

இது கற்பனைப் பூச்சாண்டி அல்ல. இங்கிலாந்தில் சுத்திகரிப்பு நிலையங்களின் வெளிவாய்க்கு அருகில் ஆணும் பெண்ணும் கலந்த உறுப்புகளோடு மீன்கள் கிடைத்தன. 1980-களில் விஞ்ஞானிகள் மீன்களைக் கூண்டில் அடைத்து அந்தத் தண்ணீரில் இறக்கிவைத்தார்கள். சினை தாங்கும் பெண் மீனின் இரத்தத்தில் மட்டுமே பெருமளவு இருக்க வேண்டிய முட்டைக்கருப் புரதம் ஆண் மீனின் இரத்தத்தில் ஏறியிருந்தது. 1994-இல் அதை வெளியிட்டார்கள். 1998-இல் பல ஆறுகளை ஆராய்ந்தபோது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கீழே இந்தக் கேடு பரவலாக இருந்தது. அந்த நிலையங்களும் சட்டப்படி நடந்தவைதான். அவற்றுக்கும் பி.ஓ.டி. சான்றிதழ் இருந்தது!

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஒரு ஏரியில், 2001 முதல் 2003 வரை மாத்திரை ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். அந்த ஏரியின் ஒரு வகைச் சிறு மீன் இனமே ஏறக்குறைய அழிந்துபோயிற்று. 2007-இல் முடிவு வெளியானது. ஊற்றுவதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீன்கள் மீண்டும் பெருகின. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேடு நிரந்தரமல்ல. நிறுத்தினால் மீளும். ஆனால் நிறுத்த வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும்.

இந்தத் தண்ணீரால் மனிதனுக்கு இன்ன நோய் இத்தனை பேருக்கு வந்தது என்று நாம் இங்கே கூறவில்லை. மிகைப்படுத்திப் பேசி மக்களை மிரட்டுவது நம் வேலை அல்ல. ஆனால் மீனுக்கு நடந்தது நிரூபணமான உண்மை. சாத்தனூரிலும் கிருஷ்ணகிரியிலும் அணை மீனைப் பிடித்து விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மீனின் கேடு அவர்களின் அடுப்பின் கேடு.

பழியை யார் தலையில் போடுகிறார்கள்?

இந்தப் பேச்சு எழுந்தவுடன் இரண்டு பேர் மீது பழி விழுகிறது. முதலாவது, பெண்கள். "மாத்திரை தின்கிறார்கள், ஆறு கெடுகிறது" என்கிறார்கள். தாய்மார்களே, இதற்குத் தலைகுனிய வேண்டாம். இங்கிலாந்து ஆறுகளில் தேடியபோது முக்கியமாக அகப்பட்டவை, ஆண், பெண், குழந்தை, கிழவர் எல்லோர் உடம்பிலிருந்தும் இயல்பாக வெளியேறும் ஹார்மோன்கள். மாத்திரை ஹார்மோன் சில இடங்களில் மட்டுமே தென்பட்டது. யார்க்‌ஷயரில் எயர் ஆற்றிலோ காரணம் வேறு. கம்பளி ஆலைகள் பயன்படுத்திய சலவை இரசாயனம்தான் அங்கே மீனைக் கெடுத்தது. ஆலைகள் அதைக் குறைத்த பிறகு மீனின் கேடும் குறைந்தது. குற்றவாளி மாத்திரைப் பெட்டிக்குள் மட்டும் இல்லை. ஆலை வாசலிலும் இருக்கிறான்.

இரண்டாவது, நாம். "வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததால்தான் ஏரி கெட்டது" என்ற பேச்சைப் பேருந்திலும் கேட்கிறோம், பத்திரிகையிலும் படிக்கிறோம். 2015-இலும் 2017-இலும் 2018-இலும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்ததே, அதற்கு ஷீட் வீட்டில் ஒரு குடம் தண்ணீரில் குளித்துத் துவைக்கும் சித்தாளா காரணம்? பல்லாயிரம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும், சலவைக் கூடங்களுக்கும், ஆலைகளுக்கும் அனுமதி கொடுத்துவிட்டுச் சாக்கடைக்கு வழி செய்யாதவர்கள் யார்? அந்தக் கட்டடத்தை நாம் கட்டினோம். அதில் நாம் குடியிருக்கவில்லை.

இன்னொரு அநியாயத்தைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் இந்த நோனைல்பினால் வகைச் சலவைப் பொருளை 2005 ஜனவரி முதல் தங்கள் ஆலைகளில் கட்டுப்படுத்தின. இறக்குமதித் துணியிலும் நூற்றுக்கு 0.01 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரி முதல் விதி வைத்திருக்கின்றன. காரணம், அந்தச் சட்டையை அவர்கள் வீட்டில் துவைத்தால் அது அவர்கள் ஆற்றில் கலக்குமாம். ஆகவே நம் தங்கைகள் தைத்து அனுப்பும் ஏற்றுமதிச் சட்டைக்குச் சோதனை உண்டு. அந்தத் துணியை இங்கே அலசிய தண்ணீருக்குச் சோதனை இல்லை! அவர்களின் ஆறு ஆறு. நம்முடைய ஆறு சாக்கடையா?

அளப்பது முடியாத காரியமா?

"இதை அளக்க நம் நாட்டில் வசதி இல்லை" என்று ஒரு சாக்கு. பொய். சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் காவிரி நீரில் மருந்துப் பொருள்களையும், சோப்பு, ஒப்பனைப் பொருள்களின் எச்சங்களையும் அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். காவிரியில் முடிந்தது கெலவரப்பள்ளியில் முடியாதா?

எப்படி அளக்கிறார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவனைத்தான் ஏமாற்ற முடியும். தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் புட்டியில் எடுத்தால் புட்டியே பிஸ்பினாலையும் தாலேட்டையும் விட்டுக் கணக்கைக் கெடுக்கும். ஒரே வேளையில் ஒரு குவளை மொண்டால் போதாது. காலையில் ஊரே குளிக்கிறது, இரவில் சலவைக் கூடம் திறந்துவிடுகிறது. 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த மாதிரி வேண்டும். உடனே குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா தின்றுவிடும். ஆய்வகத்தில் ஒரு லிட்டரை வடிகட்டி, இரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் சிறு குப்பி வழியே விட்டு, ஒட்டியதை ஒரு மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்து எடுத்தால் ஆயிரம் மடங்கு செறிவாகிறது. அதை நிறை நிறமாலைமானி என்னும் கருவியில் செலுத்தினால் எந்தப் பொருள், எத்தனை நானோகிராம் என்று சொல்லிவிடும். மாத்திரை ஹார்மோனை லிட்டருக்கு 0.035 நானோகிராம் வரை கண்டுபிடிக்கும் வழிமுறை வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015-இலேயே குறித்துவிட்டது.

அந்தக் கருவி கோடிக் கணக்கில் விலை. உண்மைதான். ஆனால் அதற்கு முன்படியாக மலிவான சோதனை ஒன்று இருக்கிறது. இட்லி மாவு புளிப்பதும் ரொட்டி உப்புவதும் நுண்ணுயிரால் என்று தெரியுமல்லவா? ரொட்டிக்குப் போடும் அந்த ஈஸ்டில் மனிதனின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவைப் பொருத்தி, 1996-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் எது இருந்தாலும், பெயர் தெரிந்ததோ தெரியாததோ, தனியோ கலவையோ, மஞ்சள் நிறம் சிவப்பாக மாறும். இந்தத் தண்ணீர் மொத்தத்தில் எத்தனை வீரியம் என்று ஒரே எண்ணில் சொல்லும். எங்கே சிவப்பு அதிகமோ, அந்த மாதிரியை மட்டும் பெரிய கருவிக்கு அனுப்பினால் போதும். செலவும் குறையும், குற்றவாளியும் அகப்படுவான்.

அளந்த பிறகுதான் உண்மை வெளிவரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஐதராபாத் அருகே பட்டாஞ்செரு. ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையம். அதிலிருந்து வெளிவந்த நீரில் சிப்ரோபிளாக்சசின் என்னும் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2007-இல் அறிவித்தார்கள். மருந்தாகக் கொடுக்கும்போது நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். நம் ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஸ்வீடனிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. இது வெட்கக்கேடு இல்லையா?

"ஏழை நாடு, பணம் இல்லை"

அடுத்த சாக்கு இது. இதில் ஒரு பாதி நியாயம் இருப்பதையும் மறைக்க வேண்டாம். நாட்டின் நகரங்களில் நாளுக்கு 72,368 எம்.எல்.டி. சாக்கடை உண்டாகிறது, அதில் 20,236 எம்.எல்.டி. மட்டுமே உண்மையில் சுத்திகரிக்கப்படுகிறது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் கணக்குக் கொடுத்தது. நூற்றுக்கு 28 பங்கு. "மீதி 72 பங்கு அப்படியே ஓடும்போது நானோகிராம் பேச்சா?" என்று கேட்கிறார்கள்.

ஆம், இப்போதுதான் பேச வேண்டும். அந்த 72 பங்குக்கும் இனிமேல்தான் நிலையம் கட்டப் போகிறார்கள். கட்டி முடித்த பிறகு இடித்துத் திருத்துவது மலிவா, கட்டும்போதே சரியாகக் கட்டுவது மலிவா? கொத்தனார் வேலை பார்க்கும் எந்தத் தோழரைக் கேட்டாலும் சொல்வார். கசடைத் தொட்டியில் அதிக நாள் வைத்து முதிரவிட்டாலே இயற்கை ஹார்மோனில் பெரும்பகுதி கழிந்துவிடும். அதற்கு வெளிநாட்டு இயந்திரம் வேண்டியதில்லை. தொட்டியின் அளவும், ஒழுங்கான பராமரிப்பும், தடையில்லாத மின்சாரமும், பயிற்சி பெற்ற நிரந்தரத் தொழிலாளியும் வேண்டும். ஒப்பந்தக்காரனிடம் குறைந்த விலைக்கு விட்டு, ராத்திரியில் காற்றூதியை நிறுத்தி மின்கட்டணம் மிச்சம் பிடித்தால், எந்தத் தொழில்நுட்பமும் வேலை செய்யாது.

அதற்கு மேல் ஓசோனும் கரித்தூளும் வேண்டுமானால், யார் பணம் கொடுப்பது? சுவிட்சர்லாந்தில் 2016 முதல் இதற்கென்று தலைக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை வசூலித்து, பெரிய நிலையங்களை வரிசையாக மாற்றி வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய கழிவுநீர் விதி இன்னும் நேராகப் பேசுகிறது. பெரிய நிலையங்களில் இந்த நாலாம் கட்டச் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்துக் கம்பெனிகளும் ஒப்பனைப் பொருள் கம்பெனிகளும் கொடுக்க வேண்டும். மருந்து முதலாளிகள் 2025-இல் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். ஓடட்டும். இலாபம் எடுத்தவன் கழிவுக்கும் பொறுப்பு என்ற நீதி சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இங்கே அந்தப் பேச்சையே காணோம். ஏழை நாடு என்ற வாதம், ஏழையின் தண்ணீர் என்று வரும்போது மட்டும்தான் இவர்கள் வாயில் வருகிறது.

கோலார் விவசாயி நமக்கு எதிரி அல்ல

சில நண்பர்கள் கவலையோடு கேட்கிறார்கள்: "நாம் இப்படிப் பேசினால், தமிழர்கள் கோலாருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட மாட்டார்களா?" நியாயமான கவலை. 1991-ஐயும் 2016-ஐயும் நாம் மறக்கவில்லை. தண்ணீரின் பெயரால் எரிந்தது யார் வீடு என்று நமக்குத் தெரியும்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். தண்ணீரை நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதி வந்த மண் கோலார். ஏரி நிறைந்தபோது அந்த விவசாயி சந்தோஷப்பட்டதில் தவறே இல்லை. 2018 ஜூலையில் லட்சுமிசாகரா ஏரியில் நுரை கிளம்பி, வழக்கு உயர் நீதிமன்றம் போய், இடைக்காலத் தடை வந்து, பிறகு மறுபடி தண்ணீர் பாய்ந்தது. அந்த வழக்கிலும் சுத்திகரிப்பு இன்னும் ஒரு கட்டம் மேலே போக வேண்டும் என்று கேட்டவர்கள் கன்னட விவசாயிகள்தான். கோலாரில் ஏரிக்கரையில் நிற்கும் கன்னட விவசாயிக்கும், கெலவரப்பள்ளியில் நுரைக்கு நடுவே மடை திறக்கும் தமிழ் விவசாயிக்கும் வருவது ஒரே நகரத்தின் தண்ணீர். நோனைல்பினாலுக்கு மொழி தெரியாது.

இரண்டு அரசாங்கங்களும் செய்வது என்ன? தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யர்கோள் அணை கட்டியதற்காகத் தமிழ்நாடு அரசு 2018-இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. எவ்வளவு தண்ணீர் என்று டி.எம்.சி. கணக்கில் வாதாடினார்கள். வாதாடட்டும், அது உரிமை. எப்படிப்பட்ட தண்ணீர் என்று நானோகிராம் கணக்கில் வாதாடியது யார்? அளவுக்குச் சண்டை போடுவதில் ஓட்டு இருக்கிறது. தரத்துக்குச் சண்டை போட்டால் இரண்டு பக்கத்து முதலாளியும் கோபித்துக்கொள்வான். அதுதான் இரகசியம்.

நம் வேலைத்தளத்துக்கும் இது வந்துவிட்டது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பெங்களூருவில் கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தச் சொன்னார்கள். தடை சரியானதே. ஆனால் கலவை குழைக்கும் தோழர், சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் தங்கை, அந்தத் தொட்டியிலேயே கைகால் கழுவும் பிள்ளை, இவர்களுக்கு அந்த லாரித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஒரு தாள் ஒட்டினார்களா? தனிக் குடிநீர்க் குழாய் வைத்தார்களா?

நம் கோரிக்கைகள்

1. பெங்களூருவின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றிலும், உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர், கசடு மூன்றிலும் ஹார்மோன் குலைப்பான்களை ஆண்டுக்கு நான்கு முறையாவது அளக்க வேண்டும். 24 மணி நேர மாதிரி எடுக்க வேண்டும். கண்துடைப்பாக ஒரு குவளை மொள்ளக் கூடாது.

2. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கோலார் ஏரிகள் ஆகிய இடங்களில் ஈஸ்ட் சோதனையும் கூண்டு மீன் சோதனையும் நடத்த வேண்டும். இரு மாநில வாரியங்களும் சேர்ந்து, இரு மொழியிலும் முடிவை வெளியிட வேண்டும்.

3. மத்திய அரசு வரம்பு வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய தரத்தைவிடக் கடுமையான தரம் வைக்க மாநில வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும்.

4. நோனைல்பினால் வகைச் சலவைப் பொருளை ஆலைகளிலும் சலவைக் கூடங்களிலும் தடை செய்ய வேண்டும். மாற்றுப் பொருளுக்கான செலவைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது.

5. சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும். கட்டட வேலைத்தளங்களில் குடிக்கவும் கழுவவும் தனித் தண்ணீர் வேண்டும்.

தோழர்களே! கோரிக்கையை எழுதி வைத்துவிட்டால் அது தானாக நடந்துவிடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. "எங்கள் பகுதிச் சுத்திகரிப்பு நிலையத்து நீரில் நோனைல்பினாலும் எஸ்ட்ராடையாலும் எத்தனை நானோகிராம்? எந்தத் தேதியில் அளந்தீர்கள்?" இந்த இரண்டு வரி போதும். ஒரு பேட்டையிலிருந்து ஒரு மனு போனால் கோப்புக்குள் புதைந்துவிடும். ஒவ்வொரு பேட்டையிலிருந்தும், கோலார் கிராமத்துக் கன்னடத் தோழர்களிடமிருந்தும், ஓசூர் விவசாயிகளிடமிருந்தும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வி போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "அளக்கவில்லை" என்பதே பதிலானால், அதுவே நமக்கு முதல் ஆயுதம். கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்வோம்.

மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுக்கிறோம். ஊருக்குப் பொங்கலுக்குப் போகிறவர்கள் இந்த இதழை எடுத்துப் போய் ஆற்றங்கரை ஊர்களில் படித்துக் காட்டுங்கள்.

நம் உழைப்பை மணிக்கணக்கில் அளக்கிறார்கள். நம் கூலியைக் காசுக்கணக்கில் அளக்கிறார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலியைப் பிடிக்கத் தெரிந்த சமூகத்துக்கு, நம் தண்ணீரில் கலந்த நஞ்சை அளக்க மட்டும் கருவி இல்லையா?

அளந்து காட்டு! மக்கள் முன் வை! அதுவரை "சுத்தம்" என்ற சொல்லை உச்சரிக்காதே!